எந்த வருஷத்து அம்பாசிடர்?

அம்பாசிடர் காரைப் பற்றி நம் வயதுக்காரர் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "அது கடைசி வரைக்கும் மாறவே இல்ல சார்." சொல்லும்போது சிலருக்குப் பெருமை, சிலருக்குக் கேலி. இரண்டு தரப்பும் சொல்வது சரியில்லை என்பது என் கட்சி. 1957-58இல் வெளிவந்த அம்பாசிடரையும், 2014 மே மாதம் உத்தர்பாரா ஆலை நின்றபோது வந்துகொண்டிருந்த அம்பாசிடரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். கூரையும் கதவும் ஒரே ஜாடையாக இருக்கும். முகம், பம்பர், டேஷ்போர்டு, கியர், எஞ்சின் எல்லாம் வேறு. அண்ணன் தம்பி என்று சொல்லலாம். ஒரே ஆள் என்று சொல்ல முடியாது.

இதை நான் உப்புத்தாளால் தேய்த்துத் தெரிந்துகொண்டு சொல்கிறேன். ஓய்வுபெற்ற பிறகு கை சும்மா இருக்கவில்லை. கடையில் விற்கும் சின்னக் காரை வாங்கிப் பிரித்து, அறுத்து, பட்டி வைத்து, அதே காரின் முந்தைய வடிவமாக மாற்றுவது என் பொழுதுபோக்கு. நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் இதற்கு 'மக்கெத்' என்று பெயர். தாமலில் இதற்குப் பெயர் "பெரியவர் பொம்மையை உடைச்சிக்கிட்டு இருக்கார்" என்பது. இரண்டுமே பொருந்தும்.

வெளிநாட்டில் இந்தப் பொழுதுபோக்கு உள்ளவர்களுக்குப் பெட்டியில் துண்டு துண்டாக கிட் கிடைக்கிறது. அம்பாசிடருக்கு நாம் பிடித்துக்கொள்ளக் கிடைப்பது, பின்னால் இழுத்து விட்டால் ஓடும் பிளாஸ்டிக் பொம்மைதான். கோயில் கடையிலும் கிடைக்கும். அடியில் உள்ள திருகாணிகளைக் கழற்றினால் மேல்கூடு, கண்ணாடி, சீட்டு, அடித்தட்டு என்று தனித்தனியாக வந்துவிடும். அவ்வளவுதான், அது கிட் ஆகிவிட்டது.

சிக்கல் என்னவென்றால், பொம்மைக்காரர்கள் செய்வது கடைசிக் காலத்து அம்பாசிடரை. வெள்ளை நிறம், சில பொம்மைகளில் கூரைமேல் சிவப்பு விளக்கு. அந்த விளக்கை 2017 மே 1 முதல் அரசே நிஜ வண்டிகளிலிருந்து எடுத்துவிட்டது. பொம்மையிலிருந்து எடுத்தால் கூரையில் ஓட்டை விழுகிறது. அதைப் பட்டி வைத்து அடைத்து, உலர்த்தி, தேய்த்து, மறுபடி அடைத்துத் தேய்ப்பதற்கு எனக்கு இரண்டு நாள் ஆகும். பழைய காருக்குப் போகும் வழியில் அது முதல் படி.

பழைய வண்டி என்றால் புதிய வண்டியிலிருந்து சிலதை எடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். எடுப்பது பாதி வேலைதான். எடுத்த இடத்தில் என்ன இருந்தது என்று தெரிந்தால்தான் மீதி வேலை நடக்கும். பம்பாயிலிருந்து வந்த ஃபியட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பத்மினியின் முன் கதவுக்குக் கீல் முன்பக்கம். ஆரம்பகால ஃபியட் 1100இல் முன் கதவு பின்பக்கக் கீலில், அலமாரி போலத் திறக்கும். பத்மினி பொம்மையில் எதைச் சுரண்டி எடுத்தாலும் அந்தக் கதவு வராது. கோட்டையே புதிதாகக் கீற வேண்டும். பிரான்சின் சித்ரோவென் திராக்சியோன் கார் 1934இல் வந்தது. 1952 வரை அதன் பின்புறம் சரிவாக, ஸ்டெப்னி சக்கரத்தை முதுகில் சுமந்தபடி இருக்கும். அதற்குப் பிறகுதான் பெட்டி புடைத்துக்கொண்டது. புடைப்பை அறுத்தால் போதாது, சக்கரத்தையும் அதன் மூடியையும் செய்து ஒட்ட வேண்டும். நம் வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் இன்னும் வேடிக்கை. 1961இல் இரண்டு கதவோடு வந்து, 60-களின் கடைசியில் நாலு கதவாக ஆனது. அந்த நாலு கதவு ஹெரால்டு இங்கிலாந்தில் இல்லாத சரக்கு. அங்கே ஏர்ஃபிக்ஸ் கம்பெனி போட்ட ஹெரால்டு கிட்டை வாங்கி வந்தாலும், நம் ஊர் டாக்டர்கள் ஓட்டிய நாலு கதவு வண்டி அதில் இருக்காது.

அம்பாசிடருக்கு வருகிறேன். இதன் பூர்வீகம் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் இரண்டாம் வரிசை இங்கே லேண்ட்மாஸ்டர் ஆனது. மூன்றாம் வரிசை அம்பாசிடர் ஆனது. லேண்ட்மாஸ்டரில் இல்லாமல் அம்பாசிடரில் வந்தவை: முன் விளக்குக்கு மேலே நன்றாக நீட்டிய புருவம், பின் மட்காட்டில் சின்ன வால், பானெட்டில் குழிவு. ஸ்டீயரிங்கிலும் லேண்ட்மாஸ்டருக்கு இரண்டு கை, அம்பாசிடருக்குக் கம்பிகள் வைத்த மூன்று கை. முதல் அம்பாசிடர்களில் லேண்ட்மாஸ்டரின் 1,476 சி.சி. எஞ்சினே இருந்தது. 1959இல் வால்வுகள் தலைமேல் உள்ள 1,489 சி.சி. எஞ்சின் வந்தது. 60-களின் தொடக்கத்தில் முகத்தை மாற்றி, நெருக்கமான சதுரக் கட்டம் போட்ட கிரில்லோடு மார்க் 2 வந்தது. அதன் பிறகுதான் முதல் வண்டியை மார்க் 1 என்று எல்லோரும் அழைக்கத் தொடங்கினார்கள். பிறந்தபோது யாரும் தன்னை முதலாவது என்று சொல்லிக்கொள்வதில்லையே. 1975இல் மார்க் 3, 1979இல் மார்க் 4, 1990இல் நோவா, பிறகு ஜப்பான் இசுசு எஞ்சின் வைத்த வண்டி. மாறவே இல்லை என்று சொல்பவர்களிடம் இந்தப் பட்டியலை நீட்டினால், "அதெல்லாம் சும்மா கிரில்லு மாத்தினது சார்" என்பார்கள். கிரில் மாறினது சும்மா இல்லை என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் தெருவில் ஒரு பழைய டிரைவர் இருக்கிறார். என்னைவிடப் பல வயது மூத்தவர், நான் அண்ணே என்று கூப்பிடுவேன். காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு ஜவுளி முதலாளியிடம் இருபது வருஷத்துக்கு மேல் கார் ஓட்டினார். அப்போது இந்தப் பக்கம் கார் என்று யார் சொன்னார்கள், பிளசர் என்றுதான் சொல்வோம். அவர் ஓட்டியது 1960இல் வாங்கிய அம்பாசிடர். சென்ற ஆண்டு அவர் மகன் என்னிடம் வந்து, "பெரியப்பா, அப்பாவுக்கு எண்பத்தஞ்சு ஆவப் போவுது. அவர் ஓட்டின பிளசரைச் சின்னதா செஞ்சி கொடுங்க" என்றார். பணம் பேசினார், நான் வாங்குவதில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "எந்த வருஷத்து வண்டி?"

"அதான் சொன்னேனே, 1960."

"அது வாங்கின வருஷம். நான் செய்ய வேண்டியது எந்த வருஷத்தில் நின்ற வண்டி?"

அவருக்கு இது வம்புக் கேள்வியாகப் பட்டிருக்கும். ஆனால் இதற்குப் பதில் இல்லாமல் ரம்பத்தை எடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. நிஜ வண்டிக்குத் தயாரான நாள் ஒன்று உண்டு. அதோடு அது நின்றுவிடுவதில்லை. ஓடுகிறது, இடிபடுகிறது, பெயின்ட் மாறுகிறது, விளக்கு மாறுகிறது. நாம் செய்யும் சின்ன வண்டியோ ஓடாது. அது ஏதாவது ஒரு நாளில்தான் நிற்க முடியும். அந்த நாளைத் தீர்மானிக்காமல் செய்தால், 1960இன் விளக்கும் 1980இன் கண்ணாடியும் 2000இன் நம்பர் பிளேட்டும் கலந்து, எந்த நாளும் சாலையில் ஓடாத ஒரு வண்டி வந்து உட்காரும். கண்காட்சிகளில் இப்படிப் பார்த்திருக்கிறேன். 50-களின் லேண்ட்மாஸ்டர் என்று சீட்டு எழுதி, நம்பர் பிளேட்டில் டி.என். 21 என்று போட்டிருந்தார்கள். சென்னை மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் பெற்றதே 1969 ஜனவரி 14இல். இப்போதுள்ள டி.என். 21 மாதிரி எண்முறை 1989இல் வந்தது. 50-களில் ஓடிய தனியார் வண்டிக்குக் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து. எம் என்ற எழுத்தில் தொடங்கும் மதராஸ் எண். பிளேட் சிறியதுதான். பொய் சின்னதாக இருந்தால் பரவாயில்லை என்று நாற்பது வருஷம் பதிவேடு எழுதியவனிடம் சொல்லாதீர்கள்.

வீட்டில் இருந்தவை இரண்டு புகைப்படங்கள். ஒன்று 1964இல் முதலாளி வீட்டுக் கல்யாணத்தில் எடுத்தது. மாப்பிள்ளைக்குப் பின்னால் காரின் முகம் பாதி தெரிகிறது. மற்றொன்று 1969 பொங்கலுக்கு எடுத்தது. டிரைவர் தன் மூத்த பிள்ளையை பானெட்டின் மேல் உட்கார வைத்திருக்கிறார். முதல் படத்தில் கட்டம் இல்லாத பழைய கிரில். இரண்டாவதில் நெருக்கமான சதுரக் கட்டம், மார்க் 2 கிரில். நம்பர் பிளேட் முதல் படத்தில் ஆட்கள் மறைவில், இரண்டாவதில் பிள்ளையின் கால் மறைவில்.

மகன் சொன்னது: "ரெண்டும் வேற வேற காரு பெரியப்பா. முதலாளி நடுவுல புதுசு மாத்தியிருப்பாரு. அப்பா ஒரே காருன்னு சாதிக்கிறாரு. இப்பல்லாம் அவருக்கு ஞாபகம் தப்புது."

டிரைவர் சொன்னது: "ஒரே வண்டிதான் சார். அறுவத்தாறுல பாலுசெட்டி சத்திரத்தாண்ட ராத்திரி எருமை ஒண்ணு குறுக்க வந்துச்சி. முகம் உள்ள போயிடுச்சி. மெட்ராஸ் புதுப்பேட்டைக்குப் போனா, பழைய கிரில்லு இல்ல, புதுசுதான் கீதுன்னான். அதையே வாங்கியாந்து மாட்டினோம். என் கையாலதான் மாட்டினேன்."

வீட்டில் யாரும் அவரை எதிர்த்துப் பேசவில்லை. சிரித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். வயதானவர்களுக்கு அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்பது இதைப் படிக்கும் பலருக்கும் தெரியும். மாத்திரை சாப்பிட்டாரா இல்லையா என்ற பேச்சிலும் அந்தச் சிரிப்பு வரும், நிலத்துப் பத்திரம் எங்கே வைத்தார் என்ற பேச்சிலும் வரும்.

எங்களுக்குப் பள்ளியில் ஓவிய வாத்தியார் 'குரோக்கி கொத்தே' என்று ஒரு பயிற்சி கொடுப்பார். ஒரு நாற்காலியையோ கூஜாவையோ மேஜைமேல் வைத்து, அளவுகோல் இல்லாமல் கையால் வரையச் சொல்வார். வரைந்த பிறகு ஒவ்வொரு கோட்டுக்கும் பொருளை அளந்து அளவை எழுத வேண்டும். படம் அழகாக இருந்தால் மதிப்பெண் இல்லை. அளவு சரியாக இருந்தால்தான். கண் பார்த்ததாக நினைப்பதற்கும் பொருள் இருப்பதற்கும் உள்ள தூரம் அந்தப் பயிற்சியில் தெரியும். இந்த இரண்டு புகைப்படங்களையும் பெரிதாக நகலெடுத்து அப்படித்தான் வரைந்தேன். நான் தேடியது கிரில் விவரத்தை. கிடைத்தது வேறு.

இடது முன் மட்காட்டின் மேல் ஒரு கொடிக் கம்பி. அந்தக் காலத்து முதலாளிகள் கட்சிக்கோ கோயில் விழாவுக்கோ கொடி கட்ட இப்படி வைத்துக்கொள்வார்கள். அது கம்பெனியில் வருவதில்லை, நம் ஊர்ப் பட்டறையில் ஓட்டை போட்டு மாட்டுவது. ஆகவே ஒவ்வொரு வண்டியிலும் ஒவ்வொரு இடத்தில் இருக்கும். இரண்டு படத்திலும் கம்பி விளக்கின் புருவத்திலிருந்து ஒரே தூரத்தில் நிற்கிறது. இரண்டிலும் நுனிக்குக் கொஞ்சம் கீழே ஒரே பக்கம் வளைந்திருக்கிறது. புது வண்டி வாங்கினால் கம்பியைக் கழற்றி மாட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள்; நானும் கேட்டுக்கொண்டேன். ஆனால் கம்பியின் காலடியில் மட்காடு சற்று உள்வாங்கியிருக்கும் பள்ளமும் இரண்டு படத்திலும் இருக்கிறது. பள்ளத்தைக் கழற்றி மாட்ட முடியாது.

மகனிடம் இரண்டு நகலையும் வைத்துக் காட்டினேன். வெகு நேரம் பார்த்தார். "அப்ப அப்பா சொன்னதுதான் கரெக்டா" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு அவர் அப்பாவிடம் வேறு சில பழைய விஷயங்களையும் கேட்க ஆரம்பித்ததைக் கவனித்தேன். கேட்டுவிட்டு, பதில் வரும் வரை காத்திருக்கிறார்.

பிறகு வந்தது இன்னொரு வழக்கு. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவர் செய்வது சின்ன ரயில்கள். ஆணி எண்ணிச் செய்வார். அவர் கை சுத்தம் எனக்கு வராது. அவர் சொன்னார்: "1960 வண்டின்னா மார்க் 1 கிரில் போடணும். மார்க் 1 உடம்புல மார்க் 2 மூக்கு வெச்சா தெரிஞ்சவன் பார்த்துச் சிரிப்பான். தெரியாதவன் அதையே நம்பிடுவான். ரெண்டும் தப்பு."

அவர் வாதத்தில் நியாயம் இருக்கிறது, அதை லேசாக ஒதுக்க மாட்டேன். தெரியாதவன் நம்பிவிடுவான் என்பது பெரிய விஷயம். புகைப்படமும் ஆர்.சி. புத்தகமும் கரையானுக்குப் போன பிறகு, பேரப்பிள்ளைகள் கையில் மிஞ்சுவது அலமாரியில் இருக்கும் இந்தப் பன்னிரண்டு சென்டிமீட்டர் வண்டிதான். அதைக் காட்டி, அம்பாசிடர் முதலில் இப்படித்தான் இருந்தது என்று சொல்வார்கள். அரசு விதிகளும் நண்பர் பக்கம்தான் பேசுகின்றன. 2021இல் மத்திய அரசு பழைய வண்டிகளுக்குத் தனிப் பதிவு கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுக்கு மேல் ஆகியிருக்க வேண்டும், அசல் வடிவில் பராமரித்திருக்க வேண்டும், பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது, அப்படியிருந்தால் வி.ஏ. என்ற எழுத்தோடு எண் தருவார்கள், அது விண்டேஜ். அசல் என்பதற்கு அரசாங்கமே மரியாதை கொடுக்கிறது.

ஆனால் நம் ஊர்ச் சாலையில் அசலாக ஓடிய வண்டி எத்தனை? இங்கே வண்டி வாங்குவது ஒரு தலைமுறைக்கு ஒரு முறை. கிரில் உடைந்தால் கிடைத்த கிரில், விளக்கு உடைந்தால் கிடைத்த விளக்கு. புதுப்பேட்டை இல்லாவிட்டால் பாதி அம்பாசிடர்கள் பத்து வருஷத்தில் கோழிக் கூண்டாகியிருக்கும். மார்க் 1 உடம்பில் மார்க் 2 மூக்கு என்பது அந்தக் காலத்து உண்மை நிலவரம். கம்பெனி விளம்பரத்தில் இருக்கும் வண்டி ஒரு நாள் ஷோரூமில் நின்றது. இந்த வண்டி 1966லிருந்து பல வருஷம் அந்த மூக்கோடுதான் கல்யாணப் பட்டு எடுக்க வந்தவர்களை ஏற்றி இறக்கியது. டிரைவர் என்னிடம் சொன்னதும் அதுதான். மார்க் 1 கிரில்லை வரைந்து காட்டியபோது, "இது அழகாத்தான் கீது. ஆனா இது முதலாளி வண்டி சார். என் வண்டி எருமை முட்டினதுக்கு அப்புறம்தான்" என்றார்.

ஆகவே என் தீர்ப்பு: 1969 பொங்கல் நாள். பழைய உடம்பு, புது மூக்கு, வளைந்த கொடிக் கம்பி.

நண்பரின் கவலைக்கும் வழி உண்டு, அதை என் பழைய உத்தியோகம் சொல்லிக் கொடுத்தது. அலுவலகத்தில் பதிவேட்டில் எழுதியதைச் சுரண்டி அழிக்கக் கூடாது. ஒரு கோடு போட்டு அடித்து, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போட வேண்டும். அடித்தல் திருத்தல் இருப்பது குற்றம் இல்லை; ஒப்பம் இல்லாத திருத்தல்தான் குற்றம். வண்டிக்கும் அதேதான். ஒவ்வொன்றின் அடித்தட்டிலும் ஊசி முனையால் கீறி எழுதுகிறேன்: எந்தப் பொம்மையிலிருந்து செய்தது, எந்த நாளைக் குறிக்கிறது, எதெது புகைப்படம் பார்த்துச் செய்தது, எதெது ஒருவர் சொல்லக் கேட்டுச் செய்தது, எது என் யூகம். இந்தப் பொழுதுபோக்கில் இருக்கும் எல்லோரும் இதைச் செய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன். மேலே பளபளப்பு எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும், அடியில் கணக்கு இருக்க வேண்டும். இதைச் சொன்னதும் ரயில் நண்பர் யோசித்துவிட்டு, "எழுதிட்டா எனக்கு ஆட்சேபணை இல்ல" என்றார். எழுத்து சின்னது, பூதக்கண்ணாடி வேண்டும் என்பது அவருடைய அடுத்த புகார்.

வேலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன், கை அரிப்பவர்கள் யாராவது இருந்தால் உதவும். நிஜ அம்பாசிடரின் நீளம் 4,325 மில்லிமீட்டர். என்னிடம் உள்ள பொம்மை 120. வகுத்தால் 36 வருகிறது. ஆக எல்லா அளவையும் 36ஆல் வகுத்துக்கொண்டால் போதும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே நிஜத்தில் 2,464 மில்லிமீட்டர், அது 68 மில்லிமீட்டர் சொச்சம் வர வேண்டும். பொம்மையில் இரண்டு மில்லிமீட்டர் குறைவாக இருந்தது, அதை அப்படியே விட்டேன். சக்கரக் குழியை நகர்த்தினால் கதவும் நகர வேண்டும், அது முடிவில்லாத வேலை. கண் முதலில் பார்ப்பது டயரை. அந்தக் கால அம்பாசிடருக்கு 5.90-15 டயர், ஆறு அங்குலத்துக்கும் குறைந்த அகலம். நம் அளவில் நாலு மில்லிமீட்டர்தான். பொம்மைக்காரர்கள் ஓட வேண்டும் என்பதற்காக அகலமாக வைக்கிறார்கள். டயரைக் கழற்றி ஒரு பக்கம் சீவி மெலிதாக்கினாலே வண்டி இருபது வருஷம் பின்னால் போய்விடும். வேறு எதுவும் செய்யப் பொறுமை இல்லாதவர்கள் இதை மட்டுமாவது செய்து பார்க்கலாம்.

புதிய கிரில்லைப் பழைய பொம்மை முகத்தில் வெட்டுவதைவிட, முகத்தையே அறுத்து எடுத்துவிடுவது சுலபம். ஆக்சா பிளேடு துண்டு ஒன்றைத் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டேன். சதுரக் கட்டத்துக்கு என்ன செய்வது என்று பல நாள் யோசித்தேன். டீ வடிகட்டியின் கம்பி வலை பொருந்தவில்லை, கட்டம் பெரியது. கடைசியில் கைகொடுத்தது பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவின் ஸ்பீக்கர் மேல் இருந்த மெல்லிய வலை. குரோம் பட்டைக்கு சாக்லெட் சுற்றிய அலுமினியத் தாள். பெயின்டில் வராத மினுக்கு அதில் வரும், ஆனால் ஒரே வீச்சில் அழுத்தி ஒட்ட வேண்டும். இரண்டாம் முறை தேய்த்தால் சுருங்கிவிடும். பானெட்டின் குழிவும் வாலும் பொம்மையிலேயே இருந்ததால் பிழைத்தேன். கதவில் இருந்த கண்ணாடிகளைச் சீவி எடுத்தேன். கொடிக் கம்பி, ஈயம் வைத்துப் பற்ற வைக்கும் கடையில் வாங்கிய செம்புக் கம்பியின் ஒரே ஒரு இழை. அதை வளைப்பதற்கு முன் டிரைவரைக் கூப்பிட்டேன். அவர்தான் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்து, நகத்தால் வளைத்தார். கை நடுங்கியது, வளைவு சரியாக வந்தது.

நிறத்தில்தான் இழுபறி. கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் ஏது. டிரைவர் சாம்பல் என்கிறார். அவர் மனைவி, "நீலம் கலந்த சாம்பலு அண்ணே, என் கல்யாணப் புடவைக்கு உள்ள போட்டிருந்தாங்களே, அந்தக் கலரு" என்றார். அந்தப் புடவை இப்போது இல்லை, பெண்ணுக்குப் பாவாடையாகி, பிறகு தலையணை உறையாகியிருக்கிறது. உறை இருந்தது. அதன் மடிப்புக்குள் வெயில் படாத இடத்தைப் பார்த்து நிறம் கலந்தேன். டிரைவர் அதைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் நீலம் ஜாஸ்தி" என்றார். அம்மா, "இதான் இதான்" என்றார். இருவர் சொன்னதையும் அடியில் எழுதியிருக்கிறேன்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். அம்பாசிடர் என்ற பெயரை 2017இல் பிரான்சின் பெஜோ கம்பெனி 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. பிரெஞ்சு படித்தவன் என்பதால் நண்பர்கள் என்னிடம் துக்கமும் விசாரித்தார்கள், வாழ்த்தும் சொன்னார்கள். பெயருக்கு அவ்வளவு விலை இருக்கிறது. எந்த வருஷம் எந்தக் கிரில், எந்த விளக்கு, எந்த டயர் என்ற விவரத்துக்கு விலை போட ஆளில்லை. அது டிரைவர்களிடமும், டிங்கர் வேலை செய்தவர்களிடமும், புதுப்பேட்டைக் கடைக்காரர்களிடமும் இருக்கிறது, அவர்களுக்கு எண்பது வயது ஆகிறது. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். வண்டி செய்யத் தெரியாவிட்டாலும் போய்க் கேட்டு எழுதி வையுங்கள். கேட்கும்போது வாங்கின வருஷத்தோடு நிறுத்தாமல், எது எப்போது உடைந்தது, எதை எங்கே வாங்கி மாட்டினீர்கள் என்றும் கேளுங்கள்.

சாம்பல் வண்டி இப்போது டிரைவர் வீட்டு டி.வி. மேல் இருக்கிறது. நான் அடுத்த பொம்மையைப் பிரித்துவிட்டேன், இது லேண்ட்மாஸ்டர் ஆக வேண்டும். வாலை அறுத்தாகிவிட்டது. புருவத்தையும் சீவிவிட்டேன். பானெட்டின் குழிவுகளை நிரப்ப மூன்று முறை பட்டி வைத்தும் மூன்று முறையும் ஓரத்தில் விரிசல் விட்டது. ஐப்பசி மழை ஈரமாக இருக்கலாம். தை பிறந்து வெயில் வந்ததும் மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும்.